நீங்க சொன்னா சரி

தெஹ்ரானில் மலையேறுகிற கூட்டத்தில் இஸ்கந்தருக்குப் போன் செய்து மூக்குடைபடாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். "சுகமா இருக்கீங்களா, வீட்ல எல்லாரும் சுகமா, பிள்ளைங்க சுகமா" என்று அவர்கள் வழக்கமான முகமனைத் தொடங்கும்போதே இவர் குறுக்கே வெட்டுவார். "ராத்திரி மேகம். பனி இறுகல. வராதீங்க." அவ்வளவுதான், போனை வைத்துவிடுவார். அப்படியும் கேட்காமல் மலையடிவாரத்தில் எங்கள் ஊரான ரீனேவுக்கு வந்து சேருகிற ஆட்கள் என் ஜீப்பில் உட்கார்ந்து என்னிடம்தான் புலம்புவார்கள். "என்னங்க உங்க மச்சான், மரியாதைன்னா என்னன்னே தெரியாதா அவருக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறும். மரியாதையாம், மண்ணாங்கட்டி! இந்தப் பள்ளத்தாக்கில் இஸ்கந்தரைவிட மரியாதை தெரிந்த மனிதன் பிறந்ததில்லை. அந்த மரியாதை என்ன செய்தது என்று தெரிந்தால் இப்படிப் பேச மாட்டார்கள். நான் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டுவேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

அவர் என் அக்கா ஸனோபரின் கணவர். கல்யாணமான புதிதில் ரொட்டிக் கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பி வருவார். வரிசையில் பின்னால் வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் "முதல்ல நீங்க, முதல்ல நீங்க" என்று வழி விட்டு வழி விட்டு, இவர் முறை வரும்போது மாவு தீர்ந்திருக்கும். "ஊருக்கே ரொட்டி வாங்கிக் குடுத்துட்டு வந்தாச்சா? நாம ராத்திரிக்கு உங்க மரியாதையைப் பிச்சுத் தின்னலாமா?" என்று அக்கா கத்துவாள். அவர் சிரிப்பார். இரண்டு பேர் ஒரே வாசலில் சந்தித்துக்கொண்டால், யார் முதலில் உள்ளே போவது என்ற வாக்குவாதம் எங்கள் நாட்டில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இஸ்கந்தர் நின்ற வாசலில் மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி ஆறிப்போகும்வரை நடக்கும்.

மலையில் அவருடைய காலம் வசந்தம். கோடையில் எங்கள் தமாவந்த் மலையில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். பாதை கண்ணுக்குத் தெரியும், சாமானை இஸ்கந்தரின் கோவேறு கழுதை சுமக்கும். ரீனேயில் ஆப்பிள் பூக்கிற சமயத்தில் அப்படியில்லை, பாதை முழுக்கப் பனிக்கு அடியில் கிடக்கும். அப்போதுதான் தெஹ்ரான்காரர்கள் சறுக்குப் பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு வருவார்கள். நடந்து ஏறிப் போய்ச் சறுக்கி இறங்க வேண்டும், அதில் அவர்களுக்கு ஒரு பைத்தியம். இஸ்கந்தர் அவர்களுக்கு முன்னால் போய், பனி எங்கே பிடிக்கும் எங்கே விடும் என்று பார்த்து, சிவப்புத் துணி கட்டிய கழிகளை நட்டுவிட்டு வருவார்.

வசந்தப் பனி காலையில் ஒன்று, நடுப்பகலில் வேறொன்று. இரவு வானம் தெளிவாக இருந்தால் விடியலில் அது கல்லாகக் கிடக்கும். வெயில் ஏறினால் மேலே ஒரு விரல் கனம் இளகி நறநறவென்று சர்க்கரை மாதிரி ஆகும். சறுக்குவதற்கு அதுதான் நேரம். அதையும் தாண்டிக் காய்ந்தால் அடி வரைக்கும் ஊறிக் கூழாகி, சரிவை விட்டுக் கழன்று வந்துவிடும். இரவில் மேகம் மூடியிருந்தால் பனி இறுகவே இறுகாது. அன்றைக்கு ஏறக் கூடாது. இது இங்கே ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரிந்த சங்கதி.

ஆனால் தெரிவது வேறு, விருந்தாளியின் முகத்துக்கு நேரே சொல்வது வேறு அல்லவா? அவ்வளவு தூரம் வந்தவரிடம் "முடியாது" என்று சொல்ல இஸ்கந்தருக்கு நாக்கு எழாது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். முட்டி! பனி சரியில்லை என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "மன்னிச்சுக்கணும் இன்ஜினியர் சார், இந்தப் பாழாப்போன முட்டி இன்னிக்குப் பாத்துப் பிடிச்சுக்கிச்சு. என்னால உங்களுக்குக் கெட்டுப்போச்சு." விருந்தாளி பெருந்தன்மையாக "பரவால்ல, உங்க உடம்புதான் முக்கியம்" என்பார். யாருக்கும் மானம் போகாது, எல்லோரும் உயிரோடு கீழே வருவார்கள். உண்மையில் அந்த முட்டிக்கு ஒரு கேடும் கிடையாது. ஊருக்கே தெரியும். ஜீப்பை எடுக்குமுன் நான், "முட்டி எப்படி மச்சான்?" என்று கேட்பேன். "லேசா இழுக்குது" என்றால் வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

இப்படியே பல வருஷம் போயிற்று. அப்புறம் கோல்நாருக்கு வரன் வந்தது.

கோல்நார் அவர்களுக்கு ஒரே மகள். தெஹ்ரானில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த பர்ஸின் என்ற பையனும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பையன் தங்கம். அவனுடைய அப்பா ஜம்ஷீத் எலும்பு டாக்டர், பெரிய இடம். அம்மாவுக்குத்தான் இஷ்டமில்லை, "கழுதைக்காரன் வீட்டுப் பொண்ணா நமக்கு?" என்று கேட்டாளாம். டாக்டர் மலைப்பிரியர். "நான் நேர்ல போய் அந்தக் குடும்பத்தைப் பாத்துட்டு வரேன். வசந்தமாவும் இருக்கு, சம்பந்தியோட மலை ஏறிட்டு வந்து பேசி முடிச்சிடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மகனோடு ரீனேவுக்கு வந்தார். நல்லபடியாகப் போய்வந்தால் கல்யாணம் நிச்சயம். கோல்நார் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து, வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அவர்கள் வருவதற்கு முன்னாலேயே அக்கா கணவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இங்க பாருங்க, உங்க முட்டிக் கதையை அவர்கிட்ட எடுக்காதீங்க. எலும்பு டாக்டர் அவரு. பொண்ணு வீட்ல எலும்பு வியாதி இருக்குன்னு நினைச்சுட்டா? அந்த அம்மா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா."

"எனக்கு எங்கடி முட்டி வலி?"

"அதைத்தான் சொல்றேன். வலிக்கலைன்னா வலிக்கலைன்னே இருங்க."

அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? எந்தத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள். சம்பந்தி வீடு என்றால் சும்மாவா?

டாக்டர் ஜம்ஷீத் மரியாதையில் என் மச்சானுக்குச் சளைத்தவர் இல்லை. ஜீப்பில் முன் சீட்டில் யார் உட்காருவது என்று இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் எனக்கு இன்ஜின் சூடேறிவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள், முன் சீட்டில் அவர்களுடைய மூட்டை வந்தது. பர்ஸின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "மாமா, இவங்களை இப்படியே விட்டா கல்யாணத்துல யார் முதல்ல சாப்பிடறதுன்னு பேசிப் பேசி எல்லாரும் பட்டினிதான்" என்றான். அப்போதே அவனை எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஜீப் போகிற எல்லை ஆட்டுப்பட்டி மசூதிவரை. அங்கிருந்து பனியில் நடந்து மூன்றாம் முகாமின் கல் விடுதிக்குப் போனோம். நானும் சாமான் சுமந்துகொண்டு கூடவே போனேன், சமைக்க ஆள் வேண்டுமே. அன்று சாயங்காலமே தெற்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று அடித்தது. பனியின் மேல் பாலைவனத்துப் புழுதி பழுப்பாகப் படிந்திருந்தது. அழுக்குப் பனி வெயிலைச் சீக்கிரம் குடிக்கும்.

விடியுமுன் நான் எழுந்து வெளியே வந்தபோது இஸ்கந்தர் விடுதி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வானத்தில் ஒரு நட்சத்திரம் இல்லை. அவர் குதிகாலால் பனியை ஓர் உதை உதைத்தார். பூட்ஸ் கணுக்கால்வரை உள்ளே போயிற்று. கல்லாக இருக்க வேண்டிய நேரம் அது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

உள்ளே டாக்டரும் பையனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டியும் சீஸும் எடுத்து வைத்தேன். மச்சானுக்கு வாய் வராது என்று தெரியும். சரி, நாமே வழி எடுத்துக்கொடுப்போம் என்று அவரைப் பார்த்து, "முட்டி எப்படி மச்சான்?" என்று கேட்டேன்.

டாக்டர் கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன சம்பந்தி, முட்டியில ஏதாவது தொந்தரவா? காட்டுங்க, பாக்கலாம்."

இஸ்கந்தர் முகம் சிவந்தது. "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. இவன் சும்மா கிண்டல் பண்றான். பாறை மாதிரி இருக்கு முட்டி!" என்று எழுந்து நின்று தொடையைத் தட்டிக் காட்டினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மச்சான்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"யோசிக்க என்ன இருக்கு? சம்பந்தி எப்ப சொல்றாரோ அப்ப கிளம்பலாம்."

"நீங்க சொன்னா சரி" என்றார் டாக்டர்.

"இல்ல இல்ல, நீங்க சொன்னா சரி."

பர்ஸின் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து இஸ்கந்தரிடம் கேட்டான். "மாமா, பனி மெத்துன்னு இருக்கே. இறுகவே இல்லை போலிருக்கே?"

"பர்ஸின்," என்று அப்பா அதட்டினார். "பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம். மாமாவுக்குத் தெரியாத மலையா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று பேரும் பலகைகளை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நான் அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு, எல்லோரையும் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மேலே நடந்ததைப் பெரியவர்கள் இரண்டு பேரும் தனித்தனியாகப் பின்னால் சொன்னார்கள். பாதி தூரத்தில் ஒரு கறுப்புப் பாறை உண்டு. அங்கே போகும்போது மேகம் கலைந்து வெயில் உறைத்திருக்கிறது. கால் முழங்கால்வரை புதைகிறது. டாக்டருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது, நெஞ்சை ஏதோ அழுத்தியிருக்கிறது, போதும் என்று தோன்றியிருக்கிறது. ஆனால் இஸ்கந்தர் தனக்காக இவ்வளவு ஏற்பாடு செய்து கூட்டி வந்திருக்கிறார், பாதியில் வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும் என்று நினைத்திருக்கிறார். இஸ்கந்தருக்கோ, நாம் திரும்பச் சொன்னால் சம்பந்தியால் ஏற முடியவில்லை என்று அவர் மகன் எதிரிலேயே சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று பயம்.

"என்ன சம்பந்தி, போலாமா?" என்று இவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல மாட்டாரா என்று காத்திருந்து கேட்டது.

"நீங்க சொன்னா சரி" என்று அவர் சொல்லியிருக்கிறார். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார்.

போனார்கள். அதற்கும் மேலே உறைந்து கிடக்கிற ஓர் அருவிப் பக்கம் போனபோது காற்றுத் திரும்பி, எரிமலை உச்சியிலிருந்து கந்தகப் புகை இறங்கியது. நல்ல சாக்கு! இரண்டு பேருக்கும் உயிர் வந்தது. "காத்து சரியில்ல, திரும்பலாமே" என்று ஒரே நேரத்தில் சொன்னார்களாம். ஆனால் அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

விடுதிக்கு மேலே அகலமான சரிவு ஒன்று இருக்கிறது. விடியலிலிருந்து வெயில் நேராக விழுகிற இடம். அங்கே நிற்கக் கூடாது. ஒவ்வொருவராக, விட்டு விட்டு, நிற்காமல் இறங்கிவிட வேண்டும். இந்த விதியை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவரே இஸ்கந்தர்தான். நான் கீழே வாசலில் பைனாகுலரோடு நின்றிருந்தேன். மூன்று பேரும் சரிவின் தலையில் வந்து நின்றதைப் பார்த்தேன். அப்பாடா, வந்துவிட்டார்கள் என்று இருந்தது. யாரும் இறங்கவில்லை.

இஸ்கந்தர் நெஞ்சில் கை வைத்து லேசாகக் குனிந்தார். டாக்டர் பதிலுக்குக் கையை நீட்டிச் சரிவைக் காட்டினார். இஸ்கந்தர் மறுபடி குனிந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு சத்தமும் கேட்காது. ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? முதல்ல நீங்க. இல்ல, முதல்ல நீங்க. ஊறிப்போன பனியின் மேல், மூன்று பேரின் கனமும் ஒரே இடத்தில்.

"நிக்காதீங்கடா, பாவிங்களா! இறங்குங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

பெரியவர்களுக்கு முன்னால் சின்னவன் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பர்ஸின் நல்ல பையன், அவ்வளவு நேரம் பின்னால்தான் நின்றான். கடைசியில் பொறுக்க முடியாமல் இருவருக்கும் நடுவில் புகுந்து, "நான் போறேன், நீங்க பேசி முடிச்சுட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். இறங்கினான். அழகாக இரண்டு வளைவு போட்டான். மூன்றாவது வளைவில் சரிவு முழுவதும் அந்தப் பெரியவர்களின் காலடியிலிருந்து விட்டுக் கழன்றது. வேகம்கூட இல்லை, இடித்த சுவர் சரிகிற மாதிரி மெதுவாகத்தான் வந்தது. அவன் ஒரு கையைத் தூக்கினான். அப்புறம் அவனைக் காணவில்லை.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது இரண்டு அப்பாக்களும் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஈரப் பனி நின்றதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். ராத்திரி முழுக்க இறுகாத பனி, அவன்மேல் மட்டும் நன்றாக இறுகியிருந்தது. நீளக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து, கண்டுபிடித்து, தோண்டி எடுத்தபோது அவன் முகத்தில் ஒரு கீறல் இல்லை. டாக்டர் அவன் நெஞ்சை அழுத்தினார், வாயில் ஊதினார், திரும்பவும் அழுத்தினார். போதும் என்று அவருக்கு யார் சொல்வது? அவரேதான் நிறுத்தினார்.

பிறகு அந்தக் குழியிலேயே உட்கார்ந்து இஸ்கந்தரைப் பார்த்துக் கேட்டார். "சம்பந்தி, உங்களுக்குக் காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல? நான் பாறைகிட்டயே திரும்பணும்னு இருந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னு இருந்தேன்."

"நீங்க சொல்வீங்கன்னு நானும் இருந்தேன்."

நான் அழுதேன். கோபத்தில் மண்வெட்டியை விசிறி எறிந்தேன். கீழே போய்க் கோல்நாரிடம் சொன்னவன் நான்தான், தாய்மாமன் வேறு எதற்கு இருக்கிறேன்? அவள் அழவில்லை. "அப்பாவுக்கு முட்டி வலிக்கலையா?" என்று கேட்டாள். அக்கா அதைக் கேட்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பதாம் நாள் தெஹ்ரானில் டாக்டர் வீட்டுக்குப் போனோம். மாடிப்படி ஏறி நாங்கள் போய் நின்றதும் டாக்டரே கறுப்புச் சட்டையோடு கதவைத் திறந்து வெளியே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். அவர் கை தன்னால் நெஞ்சுக்குப் போயிற்று, தலை தன்னால் குனிந்தது. "வாங்க சம்பந்தி. முதல்ல நீங்க" என்று வாயில் வந்துவிட்டது. இஸ்கந்தரின் கையும் பழக்கத்தில் பாதி எழும்பியது. இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பின்னால் நின்ற கோல்நார், "இன்னுமா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இன்னுமா உங்களுக்கு?" இருவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே போனாள். இஸ்கந்தர் படியில் உட்கார்ந்து, நான் என்றும் கேட்டிராத சத்தத்தில் அழுதார்.

அன்றோடு அவர் முகமனை விட்டார். ரொட்டிக் கடையில் தன் முறை வந்தால் வாங்கிக்கொண்டு வருகிறார். வாசலில் யார் நின்றாலும் நேராக உள்ளே போகிறார். வசந்தத்தில் இப்போதும் மேலே போய்ப் பனியைப் பார்த்து, கழி நட்டுவிட்டு வருகிறார். கேட்கிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறார். எத்தனை பேர் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்து பிழைத்தார்களோ, அது யாருக்குத் தெரியும்? கோல்நார் தெஹ்ரானில்தான் இருக்கிறாள். புத்தாண்டுக்கு வருவாள். அம்மாவோடு பேசுவாள், அப்பாவிடம் வேண்டியதை மட்டும் சொல்வாள். கல்யாணப் பேச்சை எடுக்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

போன வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது, குளிர் பிடித்துவிட்டது. மறுநாளைக்கு அதைவிட நல்ல பனி அமையாது. விடியலில் கிளம்ப என் ஜீப்புக்கு ஆள் நிறைந்திருந்தது. போன் அடித்தது. இஸ்கந்தர் எடுத்தார். அறை சின்னது, எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது. டாக்டர் ஜம்ஷீத்.

அவர் பலகைகளை எல்லாம் எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் இந்தப் பக்கம் வந்ததே கிடையாது. ஆனால் வசந்தம் வந்தால் வாரம் தவறாமல் இப்படிப் போன் செய்வார் என்று அக்கா என் காதோரம் கிசுகிசுத்தாள்.

"சம்பந்தி, பனி எப்படி இருக்கு?"

"சரியில்ல" என்றார் இஸ்கந்தர். மற்றவர்களிடம் பேசுகிற குரல் இல்லை அது. "வேண்டாம் சம்பந்தி. திரும்பிடலாம்."

"சரி, திரும்பிடலாம்" என்றார் டாக்டர்.